வாய்க்கால் தண்ணீரில் வெயிலைப் பிடிக்க அக்கா சொல்லும் வழி

எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்காதே தங்கச்சி, எங்கே நிற்கலாம் என்று கேள். தண்ணீரில் மின்னுகிற வெயிலைப் படம் எடுக்க உன் கையில் இருக்கிற போனே போதும். நிற்கிற இடம் கோணலாகிவிட்டால் லட்ச ரூபாய் கேமராவிலும் வெள்ளைத் திட்டுதான் விழும்.

இந்த விஷயத்தில் நம் பக்கத்து ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள். காவிரி டெல்டாவில் ஆறெல்லாம் மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகிறது, பாலங்கள் தெற்கு வடக்காகக் கிடக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற ரோட்டையே பார். 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு குறுக்கே வருகிறது. எந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்தினாலும், காலையில் வலது கைப்பக்கம் ஆற்றின் நீளத்திலேயே சூரியன் ஏறும். சாயங்காலம் இடது கைப்பக்கம் ஆற்றுக்குள்ளேயே இறங்கும். பொன் கோடு மாதிரி ஒரு பாதை உன் காலடி வரைக்கும் வரும். பஸ் போகிற பாலம் என்பதை மட்டும் மறந்துவிடாதே. நடைபாதை இல்லாத பாலமாக இருந்தால் கரைக்கு இறங்கிவிடு.

ஆனால் சூரியன் நேர் மேற்கில் மறைவது மார்ச் 21, செப்டம்பர் 23ஐ ஒட்டிய நாட்களில்தான். ஜூன் கடைசியில் சுமார் 24 டிகிரி வடக்கே ஒதுங்கி மறையும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. ஆறும் நூல் பிடித்த மாதிரி ஓடுவதில்லை, வளைந்து வளைந்துதான் போகிறது. அதனால் ஒவ்வொரு பாலத்துக்கும் பொருத்தமான மாதம் என்று ஒன்று உண்டு. போன் மேப்பில் ஆறு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. கரந்தை வடவாற்றில் போன மாதம் கிடைத்த கோடு இந்த மாதம் கரைப்புதருக்குள் போய் ஒளிந்திருந்தால் ஆச்சரியப்படாதே. பக்கத்து ஆற்றுக்குப் போய்ப் பார்.

கையாலேயே கணக்குப் போடலாம்

சூரியன் அடிவானத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு அடிவானத்துக்குக் கீழே தண்ணீரில் அதன் மினுமினுப்பு இருக்கும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கையை முழுசாக நீட்டி முஷ்டியை மூடிப் பிடி. அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. சூரியன் இரண்டு முஷ்டி உயரத்தில் இருக்கிறதா? அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி கீழே பார். அங்கே தண்ணீர் இருந்தால் படம் உண்டு, வரப்பு இருந்தால் படம் இல்லை.

ஆற்றில் எடுக்கிறவர்கள் வாய்க்காலில் கோட்டை விடுவது இங்கேதான். சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது, நின்றுகொண்டிருக்கிற உன் கண்ணுக்கு மினுமினுப்பு எட்டு மீட்டருக்கும் அப்பால் போய் விழும். காவிரியில் அது ஒன்றுமே இல்லை. மூன்று மீட்டர் அகல வாய்க்காலில் அது எதிர்க்கரையைத் தாண்டி யாருடைய வயலிலோ கிடக்கும். "சாயங்கால வெயில் இவ்வளவு அழகா இருக்கு, தண்ணீர் மட்டும் செத்துக் கிடக்குதே" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். இரண்டு வழி இருக்கிறது. வாய்க்காலுக்குக் குறுக்கே பார்க்காமல் அதன் போக்கோடு பார். இல்லையென்றால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனைத் தண்ணீருக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்கு இறக்கு. எட்டு மீட்டர் தள்ளி இருந்தது ஒன்றரை மீட்டரில் வந்து நிற்கும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் இன்னும் கீழே போகும். போனுக்கு மணிக்கட்டுக் கயிறு போடாமல் இதைச் செய்யாதே.

நம் ஊர்த் தலையாட்டி பொம்மைக்காக இல்லை, தஞ்சாவூர் ஓவியத்துக்காக ஒரு தரம் சரசுவதி மகால் பக்கம் இருக்கிற கடைகளில் ஏறி இறங்கு. மாக்கில் புடைத்து எழுப்பி அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டியிருப்பார்கள். நேரே நின்றால் மங்கலாக இருக்கும் கிரீடம், தலையை ஒரு விரற்கடை சாய்த்தால் பளீரென்று எரியும். சிற்றலையும் அப்படித்தான்: எந்தச் சரிவு உன் கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவில் சரியாகச் சாய்ந்திருக்கிறதோ அது மட்டும் மின்னும். இரண்டு அடி தள்ளி நிற்கிறவளுக்கு வேறு சரிவுகள் மின்னும். அதனால் கிளிக் செய்வதற்கு முன் உட்கார்ந்து, எழுந்து, நாலு அடி நகர்ந்து பார்ப்பதற்கு வெட்கப்படாதே. ஆடு மேய்க்கிறவர் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த மினுமினுப்பில் நிறைய செய்தி இருக்கிறது. சார்லஸ் காக்ஸ், வால்டர் மங்க் என்ற இரண்டு கடல் ஆய்வாளர்கள், ஹவாய்த் தீவுகளுக்கு அருகே விமானத்திலிருந்து எடுத்த வெயில் மினுமினுப்புப் படங்களை வைத்தே அலைகளின் சரிவைக் கணக்கிட்டு, காற்று கூடக் கூட அது எப்படிக் கூடுகிறது என்று 1954இல் எழுதினார்கள். நமக்குத் தேவையான பகுதி இவ்வளவுதான்: காற்று அடிக்க அடிக்க மினுமினுப்பு அகலமாகப் பரவும், காற்று ஓய ஓய ஒடுங்கி, கடைசியில் தட்டு மாதிரி ஒரே ஒரு சூரியன் மிதக்கும். ஆடியில் மேல்காற்று பிய்க்கும்போது ஆறு முழுக்கப் பொறி பறக்கும். மார்கழி விடியலில் குளமும் வாய்க்காலும் அசையாது. உனக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணு. அசையாத தண்ணீரில் பொறி வேண்டுமென்றால் மதகுக்குக் கீழே, பாலத்துத் தூணைச் சுற்றி, மடை வாயில் தேடு. அங்கே தண்ணீர் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் வருகிற நாள் தெரியணும்

வெளியூர்ப் புகைப்படக்காரர்கள் சூரியன் மறையும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள். வந்தால் ஆற்றில் மணல் கிடக்கும். டெல்டாவில் முதலில் பார்க்க வேண்டியது மேட்டூர் அணைச் செய்தி. வழக்கமாக ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாள் ஆகும், கல்லணையில் திறந்த பிறகு உன் ஊர் வாய்க்காலுக்கு வர இன்னும் சில நாள். தண்ணீர் குறைச்சலான வருஷத்தில் முறை வைத்து விடுவார்கள். இந்த வாரம் வெண்ணாறு நிரம்பியிருந்தால் காவிரி இளைத்திருக்கும். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கரிடம் கேட்டால் எந்த வாய்க்காலுக்கு எப்போது என்று சொல்லிவிடுவார். எந்த ஆப்பும் அவருக்கு ஈடில்லை.

புதுத்தண்ணீர் கலங்கலாக வரும். அதைப் பார்த்துத் திரும்பிவிடாதே. மின்னுவது தண்ணீரின் மேல்தோல்தான், கலங்கல் அதற்கு ஒரு தடையும் இல்லை. தடை வேறு ஒன்று. பொறி எடுப்பாகத் தெரிய அதைச் சுற்றி இருட்டு வேண்டும். பொறிகளுக்கு நடுவே இருக்கிற தண்ணீர் எதிர்க்கரையில் இருப்பதைத்தான் காட்டும். எதிர்க்கரையில் வெறும் வானம் என்றால் எல்லாமே வெளிறிப்போகும். மூங்கில் கொத்தோ அடர்ந்த தென்னந்தோப்போ இருந்தால் தண்ணீர் கரும்பச்சையாகி, அதன்மேல் ஒவ்வொரு பொறியும் தனித்தனியாக நிற்கும். டெல்டாவில் மூங்கில் இல்லாத ஆற்றங்கரை உண்டா, நீயே சொல்.

வெயில் நேரம் நம் பக்கம் சுருக்கம். சூரியன் இங்கே செங்குத்தாகவே இறங்குகிறது. கடைசி 6 டிகிரியைக் கடக்க நமக்கு 25 நிமிடம் சுமார். லண்டனில் ஜூன் மாதத்தில் அதற்கு 50 நிமிடம் ஆகும். இணையத்தில் வெள்ளைக்காரர் சொல்கிற 'கோல்டன் அவர்' கணக்கை நம்பி டீ குடித்துவிட்டுப் போனால் இருட்டில்தான் நிற்பாய். மறைவதற்கு முக்கால் மணி முன்பே இடத்தில் இரு. தஞ்சாவூரில் ஜூனில் மறைவது ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், டிசம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்னால்.

நடுப்பகலை விட்டுவிடு. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சி வெயில் நம் ஊருக்கு நேர் தலைக்கு மேலே நிற்கும், மினுமினுப்பு உன் நிழலுக்குள்ளேயே போய் மறைந்துவிடும். தலைக்கு மேலே இருக்கிற வெயிலில் தண்ணீர் திருப்பி அனுப்புவது நூற்றில் 2 பங்குதான். சூரியன் 10 டிகிரிக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். சாயங்காலத் தண்ணீர் அப்படிக் கூசுவதற்கு அதுதான் காரணம்.

போனில் செய்ய வேண்டியது

முதல் வேலை லென்ஸைத் துடை. விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி இருக்கும். நல்ல உலர்ந்த பருத்தித் துணி போதும். பாலியஸ்டர் துப்பட்டா எண்ணெயைத் தேய்த்து இன்னும் பரப்பிவிடும்.

அடுத்தது வெளிச்ச அளவு. போன் படத்தில் இருக்கிற எல்லாவற்றையும் காட்டிவிடத் துடிக்கும். கரையைக் காட்டுகிறேன் என்று பொறிகளை வெள்ளைக் கஞ்சியாக்கிவிடும். மினுமினுப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டு, பிறகு பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழு. எவ்வளவு? மரமெல்லாம் கறுத்து, பொறியைச் சுற்றி ஆரஞ்சு விளிம்பு தெரிகிற வரைக்கும். பொறியின் நடு வெள்ளையாகத்தான் இருக்கும், அதைக் காப்பாற்ற முயற்சி பண்ணாதே. அங்கே இருப்பது சூரியன், அதற்குள் காட்ட விவரம் ஒன்றும் இல்லை. காப்பாற்ற வேண்டியது விளிம்பின் நிறத்தை. கேமரா வைத்திருந்தால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1 முதல் மைனஸ் 2 வரை இறக்கிப் பார்.

ஹெச்டிஆரை அணைத்துவிடு. அது இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே சாம்பார் ஆக்கும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே; பொன் நிறத்தைத் தப்பு என்று நினைத்து அது வெளுத்துவிடும். புரோ மோடில் 5500 கெல்வின் அல்லது சூரியப் படம் போட்ட 'டேலைட்' வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற பொன் அப்படியே வரும். இரண்டு விரலால் இழுக்கிற ஜூம் வேண்டாம். போனில் தனி டெலி லென்ஸ் இருந்தால் மட்டும் அதைத் தொடு.

ஃபோகஸில் ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. கரையில் நிற்கிற நாணல் பூவையோ மிதந்து வருகிற ஆகாயத்தாமரை இலையையோ மிக நெருங்கி ஃபோகஸ் செய்தால் பின்னால் இருக்கிற பொறிகளெல்லாம் வட்ட வட்டமாக ஊதி மிதக்கும். கேமராவில் எஃப் 2.8 மாதிரி அகலத் திறப்பு. இதற்கு நேர் எதிராக எஃப் 16க்கு மூடினால் பெரிய பொறிகளுக்குக் கதிர் முளைக்கும். லென்ஸின் உள்ளே இருக்கிற இதழ்கள் இரட்டைப் படையாக இருந்தால் அதே எண்ணிக்கை, ஒற்றைப் படையாக இருந்தால் இரண்டு மடங்கு. போன் லென்ஸின் திறப்பு பெரும்பாலும் மாறாது, அதனால் போனில் கதிரை எதிர்பார்க்காதே. கதிர் போட்டுத் தருகிற ஃபில்டர் ஆப்பெல்லாம் கல்யாண ஆல்பத்தோடு நிற்கட்டும்.

ஷட்டர் வேகம்தான் எனக்குப் பிடித்த விஷயம். 1/2000 விநாடியில் பொறி புள்ளியாக உறையும். 1/30க்கு வந்தால் ஒவ்வொரு புள்ளியும் ஓடி, சுருண்டு, கொக்கியாகி, கையெழுத்து மாதிரி கோடு போடும். அரை விநாடியில் கோடுகள் ஒன்றோடு ஒன்று கலந்து பட்டுப்புடவை ஜரிகை போல இழைந்துவிடும். அவ்வளவு நேரம் திறந்துவைத்தால் வெளிச்சம் பொங்கிவிடும் என்பதால் கேமராவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வேண்டும், போனைப் படித்துறைக் கல்லில் சாய்த்து வைக்க வேண்டும். நான் 1/30 கட்சி. தண்ணீர் ஓடியது என்பதற்கு அந்தப் படத்தில் சாட்சி இருக்கிறது. எந்த வேகமாக இருந்தாலும் தொடர்ச்சியாகச் சுடு. ஒரே இடத்தில் நின்று எடுத்த இருபது படத்தில் இரண்டு ஒன்றுபோல இருக்காது.

நம் ஊரைத் தொடக்கக் காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு இந்தத் தேர்வெல்லாம் இல்லை. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சாவூரையும் திருவையாற்றையும் எடுத்துத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார். அந்தக் காலத்து நெகட்டிவுக்கு விநாடிக் கணக்கில் வெளிச்சம் ஊட்ட வேண்டும். கோபுரம் அசையாது, அதனால் கல் கல்லாகவே விழுந்தது. ஓடுகிற தண்ணீர் அப்படி எடுத்தால் வழுவழுவென்று பூசிய தரையாகிவிடும், ஒரு பொறிகூடத் தங்காது. இன்று பத்தாயிரம் ரூபாய் போனில் உன்னால் முடிவது, பெரிய கோயிலை அத்தனை நுணுக்கமாக எடுத்த அந்த மனிதரால் முடியாதது.

போலரைசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பளபளப்பைக் கொல்கிற கண்ணாடி, நாம் தேடி வந்ததையே அழித்துவிடும். சூரியன் 37 டிகிரி உயரத்தில், அதாவது காலை எட்டரை ஒன்பது வாக்கிலும் மாலை நாலு மணி சுமாருக்கும் இருக்கும்போது அதன் வேலை உச்சம். அந்த நேரத்தில் வளையத்தைத் திருப்பிப் பார்த்தால் மொத்த மினுமினுப்பும் ஸ்விட்ச் போட்ட மாதிரி அணைந்து, அடியில் மூழ்கிக் கிடக்கிற படிக்கல் தெரியும். வேடிக்கைக்கு ஒரு தடவை பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுவிடு.

தண்ணீரை விட்டுக் கொஞ்சம் மேலே பார்

ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் தவறவிடுவது பாலத்தின் அடிப்பக்கம். வெயில் சாய்ந்திருக்கும்போது தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பாலத்து வளைவின் அடியிலும் படித்துறை மண்டபத்து விதானத்திலும் வலை வலையாக நெளியும். திருவையாற்றில் புஷ்ய மண்டபத் துறை மாதிரி கல் மண்டபம் தண்ணீரை ஒட்டி இருக்கிற இடங்களில் தேடு. அலைகளின் பள்ளம் ஒவ்வொன்றும் குழியாடி போல வெளிச்சத்தைக் குவிப்பதால் வருகிற வலை அது. இதற்குப் படத்தில் தண்ணீரே வேண்டாம். தண்ணீர் சட்டகத்துக்குள் வந்தால் விதானம் இருட்டிவிடும். கல்லில் விழுகிற வெளிச்சத்தை மட்டும் அளந்து 1/125இல் எடு. பத்து விநாடி வீடியோ எடுத்தாலும் நல்லது, இந்த ஆட்டம் நின்ற படத்தில் பாதிதான் வரும்.

வயலையும் மறக்காதே. சேறடித்துப் பரம்படித்து, நாற்று வைப்பதற்கு முன் தண்ணீர் கட்டி நிறுத்தியிருக்கிற சில நாட்கள், டெல்டா முழுக்க நிலைக்கண்ணாடி. குறுவைக்கு ஜூன் ஜூலை, சம்பாவுக்கு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. நட்டு முடித்த முதல் வாரம் இன்னும் நன்றாக இருக்கும்; ஒவ்வொரு நாற்றுக் குத்துக்கும் ஒரு பிம்பம், இடையில் வெயில். நாற்று வேர் பிடித்துத் தூர் கட்டிவிட்டால் கண்ணாடி மூடிவிடும். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நட. பரம்படித்த வயலில் கால் வைக்காதே, அந்தச் சமம் ஒருவருடைய அரை நாள் உழைப்பு. "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டு இறங்கு. கேட்டால் யாரும் மறுத்ததில்லை, நல்ல கொக்கு எங்கே நிற்கிறது என்றும் சேர்த்தே சொல்வார்கள்.

ஆடிப்பெருக்குக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு: குளிக்கிற பெண்களை, அவர்கள் நிழலுருவாகத் தெரிந்தாலும், கேட்காமல் எடுக்காதே. காப்பரிசியும் கருகமணியும் வைத்துக் கும்பிட்டு முடித்த பிறகு அவர்களே சிரித்துக்கொண்டு நிற்பார்கள், அப்போது எடு.

கண்ணும் காலும் பத்திரம். எஸ்எல்ஆர் கேமராவின் கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடி வழியாக டெலி லென்ஸில் சூரியனையோ தண்ணீரில் தெரிகிற அதன் உருவையோ பார்க்காதே, பின்பக்கத் திரையில் பார். பாசி பிடித்த கடைசி இரண்டு படியில் நிற்காதே. கல்லணை, தென்பெரம்பூர் மாதிரி ஷட்டர் இருக்கிற இடங்களில் கீழ்ப்பக்கம் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம், திடீரென்று திறப்பார்கள், சுழல் ஆளை இழுத்துவிடும். மணல் அள்ளிய இடங்களில் கணுக்கால் ஆழம் ஒரே எட்டில் ஆள் ஆழமாகும். அந்தி சாய்ந்த பிறகு கரையில் பூச்சி பொட்டு நடமாட்டம் இருக்கும், டார்ச் எடுத்துக்கொள், தனியாகப் போகாதே. அம்மா கேட்டால் அக்கா சொன்னாள் என்று சொல்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் அது சுருக்கும்போது முதலில் சிதைவது இந்தப் பொறிகள்தான், டாக்குமெண்டாக அனுப்பு. பிரின்ட் போடுவதாக இருந்தால் ஸ்டுடியோவில் மேட் தாள் கேள். பளபளப்புத் தாளில் போட்டுக் கூடத்தில் மாட்டினால் டியூப் லைட்டும் அதில் மின்னும், எது ஆறு எது லைட் என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.